இரை பாடிய மத்தியானம்

கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பாட்டு வந்தது.

தையல்காரி மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். மழைக்கு முந்தைய மத்தியானம். கூடத்து வெளிச்சம் கழுவாத பாத்திரம் மாதிரி மங்கிக் கிடந்தது. கிர்ர்... கிர்ர்... சுவர்க்கோழிப் பூச்சி. சிலந்திக்குத் தீனியாகப் போட்டது. தீனிக்குப் பாட நேரம் ஏது? ஆரம்பத்திலெல்லாம் பூச்சி உள்ளே விழுந்த மறு நிமிஷம் அதன் மீசை மிஞ்சினாலே பெரிய விஷயம். இதுவோ மேடை கிடைத்த வித்வான் போல இழுத்துக்கொண்டே போனது.

சிலந்தியைக் கொண்டுவந்தவர் அவள் கணவர். ஓய்வுபெற்ற பல் டாக்டர். "வலிக்காது, வலிக்கவே வலிக்காது" என்று சொல்லியே முப்பது வருஷம் ஊர் வாயைத் திறக்க வைத்தவர். வளர்ப்புப் பிராணிக் கடையில் இரண்டு டரான்டுலாச் சிலந்திகள் இருந்தன. ஒன்று, மண்ணில் குழி பறித்துக்கொண்டு உருளைக்கிழங்கு மாதிரி உட்கார்ந்திருந்த பழுப்பு. "வாங்கித்தான் தீரணும்னா அந்தச் சனியனை வாங்குங்க. இருந்த இடத்துலயே இருக்குமாம்" என்று கெஞ்சினாள். அவர் கண் மற்றதைவிட்டு நகரவில்லை. மரத்தில் ஏறி வாழும் வகை. பச்சை முதுகு, செப்பு வயிறு, ஊதாக் கால்கள், எட்டு நுனியிலும் நகச்சாயம் தீட்டியது போல இளஞ்சிவப்பு. கல்யாணத்தன்றுகூட அவளை அப்படி அவர் பார்த்ததில்லை.

"சரி, ஒரே ஒரு சத்தியம்," என்றாள். "அது வெளிய வந்தா அடுத்த நொடி எனக்குச் சொல்லிடணும். ஒளிச்சீங்க, அப்புறம் உங்களை நம்பி ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

"சத்தியம்மா," என்றார்.

இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். பக்கத்தில் என்றால் மூன்று முழம் தள்ளி. சிலந்தி ஏற வைத்த ஈர மரப்பட்டையின் வாசனை. பட்டைக்குப் பின்னாலிருந்து ஊதாக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பூச்சி அந்தக் காலிலேயே ஏறி, முதுகில் சௌகரியமாக உட்கார்ந்து, மறுபடி சுருதி பிடித்தது.

சிலந்தி அசையவில்லை.

செத்துவிட்டதா? வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மூடியை விரற்கடை நகர்த்தி, துணி அளக்கும் ஸ்கேலால் மெல்லத் தொட்டாள். அது திரும்பியது. தொங்கியது. இடுப்பில் நூல். மூன்று வாரமாக அவள் தேடிக்கொண்டிருந்த கரும்பச்சை நூல். கிழிந்த வயிற்றுக்குள் பஞ்சு. பல் பிடுங்கியதும் ஈறில் வைப்பாரே, அதே சின்ன உருண்டை.

"அது தோல்," என்றது பின்னாலிருந்து அவர் குரல். "சட்டை உரிச்சது. படம் எடுக்கலாம்னு மூடியைத் திறந்தேன். பறக்கிற மாதிரி தாவிடுச்சு."

"எப்ப?"

"பத்தொன்பது நாளாச்சு."

"பத்தொன்பது நாளா பஞ்சு அடைச்ச தோலுக்குத் தண்ணி தெளிச்சு, செல்லம்னு கொஞ்சினீங்களா?"

"நீ பயந்துடுவேன்னுதான். போடுற பூச்சியை இடுக்கியால திரும்ப எடுத்துடுவேன். இது ஒண்ணு தப்பிடுச்சு."

"எங்க இருக்கு அது?"

அவர் கண் மட்டும் படுக்கையறைக் கதவுக்குப் போய்விட்டு வந்தது.

முதுகுவலி என்று அவர் சோபாவுக்கு மாறிப் பத்தொன்பது நாள். "கட்டில்ல நீயாவது கால் நீட்டிப் படும்மா" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துப் பத்தொன்பது நாள். தினமும் அவள் படுத்ததும், குளிர்காற்று வராமலிருக்க என்று, கதவடியில் துண்டைச் சுருட்டி அடைத்தாரே, அதுவும். வெளியிலிருந்து. இந்த வயசிலும் என்ன அக்கறை என்று அக்காவிடம் போனில் பீற்றிக்கொண்டாளே!

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"இரும்மா, பகல்ல அது..."

"பேசாதீங்க."

கைப்பையும் பிரஷர் மாத்திரையும் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் இருந்தன. நான்கு எட்டு. கோபம் பயத்தைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது. அந்த ஒரு சாணை நம்பி உள்ளே போனாள்.

உள்ளேயும் ஈரப் பட்டை வாசனை.

பையை எடுத்தாள். மாத்திரையை எடுத்தாள். நிமிர்ந்தாள். அவள் தலையணைக்கு நேர் மேலே, கூரை மூலையில், வெள்ளை நூலில் நெய்த குழாய் ஒன்று, கழற்றிப் போட்ட காலுறை மாதிரி. நேர்த்தியான வேலை. வாய் திறந்திருந்தது.

காலி.

திரும்பினாள். அவர் வாசலில் நின்றார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சற்று மேலே பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது.

"என்னங்க?"

உதடு அசைந்தது. ஒரு வார்த்தை போதும். குனி. நகரு. ஏதாவது.

கதவு மூடியது.

வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

வகிட்டில் ஏதோ வந்து உட்கார்ந்தது. கனமே இல்லை. கத்த முடியவில்லை. அந்தப் பக்கம் கதவில் ஒட்டி நின்ற அவர் மூச்சு கேட்டது, போகவில்லை, திறக்கவுமில்லை. எதிரே அலமாரிக் கண்ணாடி. அதில் அவள் நெற்றி. மயிர்க்கோட்டை விலக்கிக்கொண்டு, இளஞ்சிவப்பு நுனிகள், இரண்டு, நான்கு, புருவத்தை நோக்கி நிதானமாக இறங்கிவந்து, நின்று, முன்னிரண்டை மட்டும் உயரத் தூக்கின.