சாமைச் சோற்றில் இருந்தது என்ன?

"என் வூட்டுக்காரருக்கு நான் விஷம் வைக்கலீங்க."

டாக்டர் கோகிலவாணியின் அறைக்குள் வந்து நின்ற பெண் பேசிய முதல் வார்த்தைகள் அவை. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. இரண்டு நாளாகத் தலை வாரவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு பெண் காவலரும் சப்-இன்ஸ்பெக்டர் ராஜவேலுவும் வாசலிலேயே நின்றிருந்தார்கள்.

கோகிலவாணி குடல், ஈரல், கணையம் ஆகியவற்றுக்கான அறுவை மருத்துவர். மலையடிவார மாவட்டத்தின் பெரிய மருத்துவமனையில் இருபது வருடமாக இருக்கிறார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த இளம் மருத்துவர் பார்த்திபனோ, நோயாளி நாற்காலியில் உட்காரும் முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடத் துடிப்பவன்.

"உக்காரும்மா. உன் பேரு?"

"செவ்வந்திங்க."

ராஜவேலு முந்திக்கொண்டார். "ஜவ்வாது மலை கேஸ் மேடம். புருஷன் பேரு காசி. முந்தாநாள் மத்தியானம் இந்தம்மா போட்ட சாமைச் சோத்த சாப்பிட்டிருக்காரு. அரை மணி நேரத்துல ரத்த வாந்தி, மயக்கம். உங்க வார்டுலதான் இருக்காரு. அடுப்புக்கு மேல பலகையில பாதி பிதுக்கின எலி பேஸ்ட் இருந்துச்சுன்னு அவரோட அக்கா ரத்தினம்மா புகார் குடுத்திருக்காங்க. இது மூணாவது தடவையாம்."

"எலி பேஸ்ட்! அப்படியே பொருந்துது மேடம்" என்றான் பார்த்திபன்.

கோகிலவாணி காசியின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஈரல் எப்படி இருக்கு?"

"நார்மல். ஆனா பேஸ்ட் சாப்பிட்டா ஈரல் கெட ரெண்டு மூணு நாள் ஆகுமே."

"ரத்தம் உறையற நேரம்?"

"அதுவும் நார்மல்தான்."

"சிவப்பணு?"

"ஹீமோகுளோபின் ஆறு. இவ்வளவு ரத்தம் போயிருக்கு, குறையாம இருக்குமா?"

"எவ்வளவு இருக்குன்னு கேக்கல பார்த்திபன். ஒவ்வொரு அணுவும் என்ன அளவுன்னு கேட்டேன்."

அவன் தாளைப் பார்த்தான். "அறுபத்திரெண்டு. எண்பதுக்கு மேல இருக்கணும். சின்னதா, வெளிறிப் போயிருக்கு."

கோகிலவாணி செவ்வந்தியின் பக்கம் திரும்பினார். "அன்னைக்குக் காலையில அவர் எப்படி இருந்தார்?"

"காத்தாலயே முடியலீங்க. சாமைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போய்ட்டு பாதியில வந்துட்டாரு. தலை சுத்துதுன்னு படுத்தாரு. நான்தான் எழுப்பி ஒரு வாய் சாப்புடுன்னு சொன்னேன். அதாங்க நான் செஞ்ச தப்பு."

அவள் அழவில்லை. நடந்ததை இன்னும் நம்பாதவள்போல, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

கோகிலவாணி பார்த்திபனை மலைக்கு அனுப்பினார். "மூணு தடவைன்னு சொல்றாங்க. ஒவ்வொண்ணும் எப்ப நடந்தது, அன்னைக்கு யார் சமைச்சது, எழுதிட்டு வா. நீ எதையும் முடிவு பண்ணாத."

போளூரைத் தாண்டியதும் போலீஸ் ஜீப் மலை ஏறத் தொடங்கியது. முந்தின நாள் மழையில் வளைவுகளில் செம்மண் சரிந்து கிடந்தது. காசியின் வீடு சாமைக் கொல்லைகளுக்கு நடுவே, ஓடு வேய்ந்த சிறிய வீடு. ரத்தினம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வந்து பாரு சார். இதான் அந்த பேஸ்ட்."

"இது யார் வாங்கினது?"

"காசிதான் போளூர்ல வாங்கியாந்தான். சாமை மூட்டைய எலி கொதறிடுச்சி. எலிக்கு வாங்கினத இவ மனுசனுக்கு வச்சிட்டா."

"மூணு தடவைன்னு சொன்னீங்களே?"

அவள் விரல் மடக்கினாள். "மொதல்ல பொங்கலுக்கு மின்ன. சோறு தின்னுட்டு ரத்தமா வாந்தி எடுத்தான். அப்பால மாசியில, புளி உலுக்கின மாசம். அப்ப இவ அம்மா வூட்டுக்குப் போய் பத்து நாளு. நான்தான் கஞ்சி ஊத்தினேன். ராத்திரிக்கு வவுத்த புடிச்சிக்கினு சுருண்டான், கருப்பா வெளிய போனான். இப்ப இது. மூணு தடவ சார்! எங்க தம்பி பொழைச்சது சாமி புண்ணியம்."

பார்த்திபன் அப்படியே எழுதிக்கொண்டான். ஒரு சொல்லையும் விடவில்லை. எழுதியதில் இருந்த வேடிக்கை அவனுக்கும் அப்போது உறைக்கவில்லை.

அவன் திரும்பி வந்தபோது கோகிலவாணி காசியின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து முடித்திருந்தார்.

"இரைப்பையில புண் இல்ல. வெந்த தழும்பு இல்ல. குடலும் சுத்தமா இருக்கு. ஆனா கணையத்துல இருந்து சுரக்கற நீர் குடலுக்குள்ள வர ஒரு சின்ன வாய் இருக்கில்ல, அதுலேர்ந்து ரத்தம் சொட்டுது."

பார்த்திபன் திகைத்தான். "கணையத்துலேர்ந்தா? சோறு அங்க போகவே போகாதே மேடம்."

"போகாது. நாளைக்கு ஸ்கேன். நீ கூட இரு."

மறுநாள் காலை காசியைத் தள்ளுவண்டியில் ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒல்லியான ஆள்; பேச்சுக் குறைவு. படிவத்தில் ‘முன்பு ஸ்கேன் எடுத்ததுண்டா?’ என்ற இடத்தில் இல்லை என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருந்தான். பலகையில் படுத்தவுடன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டான். மூச்சை இழுத்துப் பிடித்து, இயந்திரத்தின் வளையத்தைப் பார்த்தபடி காத்திருந்தான்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே" என்று சிரித்தார் ஸ்கேன் எடுப்பவர். "கெட்டிக்காரர்."

பார்த்திபன் இதையும் வந்து சொன்னான், வேடிக்கையாக. கோகிலவாணி சிரிக்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணையத்தின் தலைப்பகுதியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி.

பார்த்திபன் திரைக்கு நெருங்கி வந்தான். "கணையப் புற்று. முப்பத்தஞ்சு வயசுதான் மேடம் ஆகுது."

"அவசரப்படாத. மஞ்சக்காமாலை இருக்கா? பித்தக்குழாய் அடைச்சிருக்கா? இந்த இடத்துல இவ்வளவு பெரிய புற்று இருந்தா ரெண்டும் இருந்திருக்கும். இப்ப சாயம் ஏத்தின படங்கள வரிசையாப் பாரு. முதல் படத்துல கட்டியோட ஓரம் மட்டும் பளிச்சுனு இருக்கு. அடுத்ததுல உள்ள கொஞ்சம் நிரம்புது. கடைசில, மத்த எல்லா இடத்திலேயும் சாயம் வடிஞ்ச பிறகும் இதுக்குள்ள தேங்கி நிக்குது. ரத்தம் மெதுவா நுழைஞ்சு மெதுவா வெளிய போற இடம் எது?"

"ரத்தக்குழாய்ங்க பின்னிக்கிட்ட கட்டி" என்றான் அவன் மெல்ல. "ஈரல்ல பாத்திருக்கேன். கணையத்துலயா?"

"பெரியவங்களுக்குக் கணையத்துல வந்ததா உலகம் பூரா எழுதி வச்சது சில டஜன் பேர்தான். நானும் இப்பத்தான் பார்க்கறேன்." முதன்முறையாக அவர் குரலிலும் ஒரு வியப்பு தெரிந்தது. எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அதில் கட்டி எரியும் பல்பு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

"ஊசி குத்தி சதை எடுத்துப் பார்த்தா உறுதியாயிடும் இல்லையா?"

"குத்திட்டு, அப்புறம் பீச்சற ரத்தத்த எப்படி நிறுத்துவ? இத முழுசா எடுத்த பிறகுதான் சோதிக்கணும்."

மூன்றாம் நாள் மாலை அவர் எல்லோரையும் காசியின் கட்டிலைச் சுற்றி வரச்சொன்னார். காசிக்கு மூன்றாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தினம்மாள் தலைமாட்டில் நின்றாள். செவ்வந்தியைக் கட்டிலுக்கு அருகே வர அவள் விடவில்லை. ராஜவேலு கையில் கோப்புடன் இருந்தார்.

"யாரும் விஷம் வைக்கல" என்று தொடங்கினார் கோகிலவாணி.

ரத்தினம்மாள் வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டினார்.

"இருங்க, சொல்றேன். எலி பேஸ்ட் உள்ள போயிருந்தா இன்னைக்கு ஈரல் கெட்டிருக்கணும். இன்னைக்குக் காலையில மறுபடி பார்த்தேன், இப்பவும் நல்லா இருக்கு. சரி, அது ஒண்ணு. உங்க தம்பியோட சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிக் கிடக்கு. ஒரே நாள்ல ரத்தம் போனா அணுக்கள் குறையும், ஆனா அளவு மாறாது. மாசக்கணக்கா உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு, உடம்புல இரும்புச்சத்து தீர்ந்துபோனாத்தான் இப்படி ஆகும். நாலு நாளைக்கு முன்னாடி சாப்பிட்ட சோறு போன மாசத்து அணுவ எப்படிச் சிறுக்க வைக்கும்?"

ராஜவேலு கோப்பை மூடினார். "ஆனா மூணு தடவையும் இவங்க சமைச்சத சாப்பிட்டுத்தானே மேடம்?"

"பார்த்திபன், நீ எழுதினத படி."

அவன் படித்தான். புளி உலுக்கின மாசம் என்ற வரி வந்ததும் அவன் குரல் தானாக நின்றது. "அப்ப செவ்வந்தி ஊர்லயே இல்ல. கஞ்சி ஊத்தினது..."

எல்லாப் பார்வையும் ரத்தினம்மாள்மேல் விழுந்தது. "ஐயோ, நானா? நானா ஊத்தினேன்? ஆமா, நான்தான் ஊத்தினேன். எம் தம்பிக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. செவ்வந்தியும் பண்ணல. யார் சோறு போட்டாலும் இது நடந்திருக்கும்." கோகிலவாணி கட்டிலில் இருந்தவனைப் பார்த்தார். "காசி, உங்க கணையத்துல ஒரு கட்டி இருக்கு. ரத்தம் அதுலேர்ந்துதான் வருது."

காசி தலையைத் தூக்கினான். "மின்ன விட பெருசாயிடுச்சிங்களா?"

பார்த்திபன் கோகிலவாணியைத் திரும்பிப் பார்த்தான்.

"எதைவிட?" என்று கேட்டார் கோகிலவாணி அமைதியாக.

காசி போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டான்.

"வயித்துல கட்டின்னு முதல் தடவையாக் கேக்கறவர் ‘என்ன கட்டி?’ன்னு கேப்பார். ‘பிழைப்பேனா?’ன்னு கேப்பார். பெருசாயிடுச்சான்னு கேக்க, சின்னதா இருந்தது தெரிஞ்சிருக்கணும். நேத்து ஸ்கேன் பலகையில யாரும் சொல்றதுக்கு முன்னாடியே கைய மேல தூக்கிட்டு மூச்ச அடக்கினீங்க. அந்தப் பலகையில நீங்க முன்னமே படுத்திருக்கீங்க காசி. எப்ப?"

காசி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆறு வருசம் ஆச்சிங்க. போர்வெல் லாரியில வெளி மாநிலத்துல வேலை. பைப்பு சரிஞ்சி வவுத்துல உழுந்துச்சி. அங்கதான் ஸ்கேன் எடுத்தாங்க. அடிபட்டதுல ஒண்ணுமில்ல, ஆனா உள்ள கட்டி இருக்குன்னாங்க. வருசா வருசம் வந்து காட்டுன்னாங்க. பாஷை சரியாப் புரியல. கட்டின்னா கேன்சர்தானேன்னு நெனச்சேன். அடுத்த மாசம் கல்யாணம். சொன்னா பொண்ணு குடுப்பாங்களா? பேப்பர கிழிச்சிப் போட்டேன்."

"பொங்கலுக்கு முன்ன ரத்தம் வந்தப்ப?"

"கட்டிதான்னு தெரிஞ்சிது. சாவுதான் வந்துடுச்சின்னு நெனச்சேன்."

"உனக்காக நான் அவ மேல புகார் குடுத்தேனேடா!" ரத்தினம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரே கூடி நின்னு அவள வையறப்ப மயக்கம் தெளிஞ்சி கண்ண முழிச்சிக்கினுதானே படுத்திருந்த! ஒரு வார்த்த சொன்னியா?"

காசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பார்த்திபன் செவ்வந்தியைப் பார்த்தான். இத்தனை நாளும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், குற்றம் நீங்கிய இந்த நேரத்தில்தான் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் காசியின் முதுகிலேயே நிலைத்திருந்தன. அந்த முதுகை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல.

"அது கேன்சர் இல்ல" என்றார் கோகிலவாணி. "வெறும் ரத்தக்குழாய்க் கட்டி. பரவாது. ஆனா கசிய ஆரம்பிச்சாச்சு, அதனால விட்டுவைக்க முடியாது. இங்க அதுக்கான வசதி இல்ல, சென்னைக்கு அனுப்பறேன். கணையத்தோட தலைப்பகுதியையே எடுக்கணும், பெரிய ஆபரேஷன். வீட்டாள் கையெழுத்து வேணும்."

ரத்தினம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்கு முன்பே செவ்வந்தி வந்துவிட்டாள்.

"ஆபரேசன் பண்ணா பொழைப்பாருங்களா?"

"பிழைப்பார்னு நம்பறேன்."

"குடுங்க, போடறேன்." பேனாவை வாங்கிப் பெயரை எழுதினாள். "பொழைச்சி வரட்டும். அவருகிட்ட நான் கேக்க வேண்டியது இருக்குது."

சென்னையில் அறுவை சிகிச்சை எட்டு மணி நேரம் நடந்தது. எடுத்த கட்டியைச் சாயமிட்டுச் சோதித்தபோது ரத்தக்குழாய்களின் உட்சுவர் மட்டுமே ஏற்கும் சாயம் அதில் படிந்தது. புற்று அணு ஒன்றுகூட இல்லை. அறிக்கையை வாசித்த பார்த்திபன், நோயாளி வாயைத் திறக்கும் முன்பே நோயின் பெயரைச் சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டான். ராஜவேலு புகாரை முடித்துவைத்தார்.

நான்கு மாதம் கழித்துக் காசி மறுபரிசோதனைக்கு வந்தான். உடம்பு தேறியிருந்தது. தனியாகத்தான் வந்திருந்தான்.

"செவ்வந்தி வரலையா?" என்றார் கோகிலவாணி.

"வூட்ல இருக்காங்க. மாத்திரை, தண்ணி எல்லாம் நேரத்துக்குக் குடுக்கறா. எங்க அக்கா போய் அவ கால்ல உழுந்துச்சி, அதுகிட்ட நல்லாப் பேசறா." அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "எனக்கு மட்டும் சோறு போட மாட்டேன்றா. நான்தான் பொங்கித் துன்றேன். ஏன்டின்னு கேட்டேன். ‘அக்கா தெரியாம பேசிச்சி. நீ தெரிஞ்சே பேசாம இருந்த’ன்னா. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது டாக்டரம்மா?"

கோகிலவாணி அடுத்த ஸ்கேன் தேதியை எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது.

"தெரியல காசி" என்றார். "அத நீங்கதான் கண்டுபிடிக்கணும்."