ஏழாம் இலக்கக்காரன்

“எருமை… கண் தெரியாத எருமை!”

றஜிதா உரக்கவே சொன்னாள். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் தமிழில் திட்டுவதில் ஒரு வசதி. யாருக்கும் விளங்காது.

விளையாட்டு மைதானக் கட்டிடத்துக்குள் அவள் அப்போதுதான் மொப்பால் துடைத்து முடித்த நடைபாதை. பளபளத்துக்கொண்டிருந்தது. வெளியே மார்ச் மாத மழை. அந்த மழையிலிருந்து ஒரு ராட்சதன் ஆணிச் சப்பாத்தோடு நேரே உள்ளே வந்து, பத்தடி தூரத்துக்குச் சேற்றை அப்பிவிட்டு நின்றான். கதவளவு தோள்கள். தலையில் கவசம். முகத்துக்குக் குறுக்கே கம்பிகள். மார்பில் ஏழு என்று ஓர் இலக்கம்.

கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன… நீண்ட இமைகளில் மழைத்துளி தொங்கும் கறுத்த கண்கள்.

“எருமை மன்னிப்புக் கேக்குது,” என்றது கவசம். “மொப்பைத் தாங்கோ. எருமையே துடைச்சு விடும்.”

றஜிதாவின் கையிலிருந்து மொப் நழுவி விழுந்தது.

“நீங்கள்… தமிழோ?”

“யாழ்ப்பாணம், கரவெட்டி. பெயர் பிரதீஸ். நீங்கள்?”

“றஜிதா… மன்னார், பேசாலை.” காது மடல்கள் சுட்டன. கடவுளே, எருமை என்றல்லவா சொன்னேன்!

அவன் கவசத்தைக் கழற்றினான். தோள் கவசங்களையும் கழற்றி வைத்தான். ராட்சதன் காணாமல் போய், மெலிந்த ஒரு பெடியன் நின்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது என்ன விளையாட்டு?”

“அமெரிக்கன் புட்போல்.”

“புட்போல் எண்டுறியள்… பிறகேன் பந்தைக் கையிலை வைச்சிருக்கிறியள்?”

“அதை அமெரிக்காக்காரரிட்டைத்தான் கேக்கவேணும். நான் குவாட்டர்பேக். பந்து முதலிலை என்ரை கைக்குத்தான் வரும். மூண்டு செக்கனுக்குள்ளை ஆருக்கு எறியிறது எண்டு முடிவெடுக்கவேணும்.”

“எடுக்காட்டி?”

“ஆறு பேர் வந்து எனக்கு மேலை ஏறிப் படுப்பினம்.”

அன்று அவன் துடைக்க, அவள் சிரித்துக்கொண்டே பார்த்து நின்றாள்.

பிரதீஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. போன வருடம் இந்த மைதானத்து வேலிப் பக்கமாக நடந்து போனபோது, முட்டை வடிவப் பந்தொன்று அவன் காலடியில் வந்து விழுந்தது. ஊரில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிகிற மாதிரி அதைத் திருப்பி எறிந்தான். பந்து இருபது பெடியன்களின் தலைக்கு மேலால் பறந்து, மைதானத்தின் நடுவில் நின்ற கோச்சின் நெஞ்சில் போய் விழுந்தது. அந்த மனிதர் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாராம்.

ஆனாலும் அணியில் சேர்ந்த அந்த வருடம் முழுவதும் மாற்று ஆட்டக்காரர் வாங்கில்தான் இருந்தான். மொத்தமாகப் பதினொரு நிமிடம் விளையாடக் கிடைத்தது. இப்போது முதலாவது குவாட்டர்பேக்கின் தோள்மூட்டு விலகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, முதன்முறையாக, முழு ஆட்டமும் அவன் கையில்…

அடுத்த நாள் றஜிதா வாளியோடு கதவடியில் நின்று பார்த்தாள். அவன் பின்னால் இரண்டடி வைத்தான். உடம்பு வில்லாக வளைந்தது. கை காதைத் தாண்டி முன்னால் வந்தது… பந்து போய்விட்டது. மழையைக் கிழித்துக்கொண்டு, சுழன்று சுழன்று, மேலே மேலே ஏறி, சாம்பல் வானத்தில் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு, வெகுதூரத்தில் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த ஒருவனின் கைகளுக்குள் பூப்போல இறங்கியது.

தன்னை அறியாமல் றஜிதா சிலுவை போட்டுக்கொண்டாள். மனிசன் எறிகிற எறியா இது?

வியாழக்கிழமை அவன் தோழர்களோடு உள்ளே வந்தபோது அவளால் வாயைக் கட்டுப்படுத்த முடியவில்லை. “இண்டைக்கு நல்லா எறிஞ்சனீங்கள்!”

தோழன் மார்கோ இத்தாலியனில் கேட்டான். “உனக்குத் தெரிஞ்ச பிள்ளையா?”

பிரதீஸின் கண்கள் அவள் முகத்தைத் தொட்டு, தரைக்கு இறங்கின. “இல்லை… தெரியாது,” என்றான் இத்தாலியனில். ஈரத்தரையில் நடந்து போய்விட்டான்.

இரண்டு வருடம் பலெர்மோவில் இருந்தவளுக்கு அந்தச் சொல் விளங்காதா?

அடுத்த நாள் அவன் தனியாக வந்து நின்றான். “றஜிதா… ஒருக்காக் கதைக்கலாமோ?”

“தெரியாத ஆக்களோடை நான் கதைக்கிறேல்லை.”

“என்ரை அம்மாவும் இந்த வேலைதான். சீசா எண்ட இடத்திலை ஆறு கட்டிடத்துக்குப் படி கழுவுறா. வந்த புதிசிலை இவங்கள் கேக்க, அம்மா ரீச்சர் எண்டு சொல்லிப்போட்டன். உங்களைத் தெரியும் எண்டால், எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாங்கள்… பயந்திட்டன்.”

றஜிதா நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப, என்னை மட்டுமில்லை… அம்மாவையும் தெரியாது எண்டுதானே சொல்லியிருக்கிறியள்?”

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அழக்கூடாது என்று நினைத்தாள். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்திய ரயில் நிலையத்தடியில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றாள். அந்த பஸ் வந்தது, போனது. மைதானத்துக்குப் போகும் மற்ற பஸ்ஸில் ஏறினாள்.

மைதானத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில், சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்ட ஓர் அம்மா தனியாகக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை தமிழோ? இதிலை இரும்மா, நனையாமல். ஏழாம் இலக்கம் என்ரை மகன்.” பிரதீஸின் அம்மா யோகாம்பாள் குரலைத் தாழ்த்தினார். “காலமை என்னைக் கூட்டிவந்து எல்லாப் பெடியளுக்கும் முன்னாலை நிப்பாட்டினான். ‘இவ என்ரை அம்மா. படி கழுவித்தான் என்னைப் படிப்பிக்கிறா. நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்’ எண்டு சொல்லிப்போட்டு அழுதான். உதுக்கேன் அழுகிறாய் எண்டு நான் பேசினன்.”

றஜிதா குடைக்குள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. ஏழு தடவை அவனை விழுத்தினார்கள். ஏழு தடவையும் எழும்பினான். ஒவ்வொரு தடவையும் குடைக்குக் கீழே இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிரதீஸின் அணி நான்கு புள்ளி பின்னால். கடைசி எட்டு விநாடி. பந்து அவன் கைக்கு வந்தது. மலைபோல் நான்கு பேர் அவனை நோக்கிப் பாய்ந்தார்கள். அவன் ஓடவில்லை… நின்றான். எறிந்தான். சேற்றுக்குள் புதைந்தான்.

மைதானம் மூச்சை நிறுத்தியது. இருநூறு முகங்களும் வானத்தைப் பார்த்தன. அந்தச் சின்னப் பந்து, மழைக்கு நடுவே, இறங்க மனமில்லாததுபோல் மிதந்து… மிதந்து… எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் மார்கோவின் விரல்களுக்குள் விழுந்தது. ஆறு புள்ளி!

எழுந்த ஆரவாரம் றஜிதாவுக்குக் கேட்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம், வென்றது தெரியாமல் சேற்றிலிருந்து மெதுவாக எழும்பிய அவனைத்தான்.

தோழர்கள் தோளில் தூக்க வந்தார்கள். அவன் விலக்கிக்கொண்டு வேலியடிக்கு வந்தான். அம்மாவைக் கண்டான். பக்கத்தில் அவளைக் கண்டான். அப்படியே நின்றுவிட்டான். பிறகு திரும்பி, பின்னால் வந்தவர்களிடம் இத்தாலியனில் சொன்னான். “இவ றஜிதா. அண்டைக்குத் தெரியாது எண்டனான். அதுவும் பொய்.”

அவர்கள் சிரித்து ஆரவாரித்தார்கள். யோகாம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குடையை மகனின் கையில் கொடுத்து, மார்கோவுக்குத் தலை துவட்டப் போனார்.

“றஜிதா… எனக்கு உங்களை விருப்பம். பந்தை எறியிற மாதிரி இதைச் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்கள் மாதா கோயில், நாங்கள் பிள்ளையார் கோயில்… அம்மாவோடை நான் கதைப்பன். உங்கடை வீட்டிலையும் வந்து கதைப்பன். நீங்கள் இல்லை எண்டு சொன்னாலும், ஆரும் கேட்டால், தெரியும் எண்டுதான் சொல்லுவன்.”

அவன் குடையைக் கோணலாகப் பிடித்து, இருவரையும் நனைய விட்டான். அந்தக் கைகளா அப்படி எறிந்தன?

“பஸ்ஸிலை வரேக்குள்ளை மாதாவிட்டை ஒண்டு கேட்டனான்,” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

“நான் வெல்லவேணும் எண்டோ?”

“இல்லை… எனக்கு உங்களிலை இருக்கிற கோவம் தீரக்கூடாது எண்டு.”

“மாதா என்ன சொன்னவ?”

றஜிதா நிமிர்ந்தாள். கண்களில் நீர்… உதட்டில் சிரிப்பு.

“என்ரை சொல்லை அவ கேக்கேல்லை.”