இருநூற்றுப் பதின்மூன்று பல்லிகள்

யுவராஜின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் எல்லோரும் அவர் முகத்தை மூன்று விநாடி பார்த்தார்கள். பிறகு பார்வையை எடுத்துச் சுவரையோ தரையையோ பார்த்துவிட்டு மறுபடி மூன்று விநாடி பார்த்தார்கள். மாலை போட்ட நண்பர்கள், தலைமாட்டில் உட்கார்ந்து அழுத தங்கை, பெங்களூரிலிருந்து ஓடிவந்த மகள் இளமதி, எல்லோரும் அப்படித்தான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பணிக்கண்ணின் முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்த கழுத்துக்கு அது தானாக வந்துவிட்ட பழக்கம்.

பணிக்கண் என்பது கணினித் திரையின் நெற்றியில் பொட்டளவு இருக்கும் கருவி. வீட்டிலிருந்து வேலை செய்பவரின் கருவிழி எங்கே நிற்கிறது என்பதை அது பார்த்துக்கொண்டே இருக்கும். விழி திரையை விட்டு நகர்ந்ததும் எண்ணத் தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் திரும்பிவிட்டால் குற்றமில்லை. நான்காவது விநாடியில் அது ‘விலகல்’ ஆகிவிடும். ஆகவே ஊரில் பாதிப் பேர் மூன்று விநாடியில் மழையைப் பார்த்தார்கள், மூன்று விநாடியில் பிள்ளையின் கோலத்தை மெச்சினார்கள், மூன்று விநாடியில் கோபித்துக்கொண்டார்கள்.

கோகிலவாணி எந்த நிறுவனத்திலும் வேலை செய்தவள் இல்லை. ஆனாலும் ஒன்பது வருடம் பணிக்கண் இருந்த வீட்டில் வாழ்ந்தவள். அவளும் கணவனை அன்று மூன்று மூன்று விநாடியாகவே பார்த்தாள். காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் முற்பகலில், காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அவர் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. இடது காது வந்தது. பிடரி வந்தது. காதுக்குப் பின்னால் நரைத்திருந்த ஒரு கொத்து முடி வந்தது. முகம் வரவில்லை.

அவளுக்குக் கை நின்றுவிட்டது.

ஈரோட்டில் அவர்களுடையது இரண்டே அறை வீடு. கூடத்துச் சுவரோரம் யுவராஜின் மேசை. அதற்கு இடப்பக்கம் சமையலறை வாசல். ‘நேர்நூல்’ என்ற நிறுவனம் தறிகளிலிருந்து வரும் துணிகளின் படங்களை அவருக்கு அனுப்பும். எல்லாத் துணியையும் இயந்திரமே பார்த்துவிடும். அதற்குச் சந்தேகம் வந்த துணியை மட்டும் மனிதக் கண் பார்க்கும். இழை அறுந்ததா, எண்ணெய்க் கறையா, வெறும் நிழலா என்று அவர் சொல்ல வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அவள் கண்ட யுவராஜ் அந்தக் காதும் பிடரியும்தான்.

பணிக்கண்ணின் பார்வை எதுவரை விழுகிறது என்று அளந்து, தரையில் நீல நிற ஒட்டுநாடா ஒட்டியிருந்தார்கள். அதைத் தாண்டி இன்னொரு முகம் படத்துக்குள் வந்தாலோ, வீட்டாரால் பார்வை விலகினாலோ அதற்குப் பெயர் ‘குடும்பக் குறுக்கீடு’. மூன்று முறை வந்தால் தனியறைச் சான்று கேட்பார்கள். தனியறைக்கு எங்கே போவது? ஆகவே கோகிலவாணி கோட்டைத் தாண்டுவதில்லை. பூந்தொட்டி வைக்கும் சக்கரப் பலகையில் டீ தம்ளரை வைத்து, ஒட்டடைக் கம்பால் தள்ளிவிடுவாள்.

“ஏனுங்க, டீ வருதுங்க.”

“ஹாரன் அடிக்கோணும் புள்ள,” என்பார் அவர், திரையைப் பார்த்தபடியே. கை மட்டும் நீண்டு தம்ளரைப் பிடிக்கும்.

அப்படி ஒன்பது வருடம்.

இறந்த முப்பதாம் நாள் நேர்நூலிலிருந்து கடிதம் வந்தது. பணிக்காலப் பதிவுகளை நெருங்கிய உறவினர் இறப்பிலிருந்து நாற்பது நாளுக்குள் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் அழித்துவிடுவார்கள், சட்டம் அப்படி. கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: வேலை செய்யும் நேரத்துப் பதிவுகள் அன்றன்றே நீக்கப்படும், விலகல்கள் மட்டுமே சான்றாக வைக்கப்படும்.

இளமதி தொலைபேசியில் ஒரே பிடியாக நின்றாள்.

“வேண்டாமுங்கம்மா. அழிச்சுப்போடச் சொல்லிருங்க. அப்பாவ ஒம்பது வருஷம் உக்கார வெச்சுக் காவல் காத்தது அது. அதுகிட்டப் போயி எதுக்குக் கேக்கறீங்க?”

“உங்கப்பா மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு கண்ணு.”

“போட்டோ இருக்குதுங்களே.”

“அது போட்டோக்காரனப் பாத்து வெறச்சுக்கிட்டு நிக்கற மூஞ்சி.”

“செரி, கேட்டா மட்டும் என்ன கெடைக்கும்? கம்பெனியிலயே அப்பாவுக்குத்தான் விலகல் கம்மின்னு மூணு வாட்டி கேடயம் குடுத்தாங்க. விலகலே இல்லாத மனுசனுக்கு என்னத்த எடுத்து வெச்சிருப்பாங்க?”

அதுதான் கோகிலவாணிக்கும் பயம். திருட்டுத்தனமாகத் தூங்கியவர்கள், ஜன்னலில் வேடிக்கை பார்த்தவர்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டியவர்கள், அவர்களுடைய முகமெல்லாம் பத்திரமாக இருக்கும். ஒழுங்காக வேலை செய்த மனிதர் சுவடில்லாமல் போய்விடுவார். இருந்தாலும் முப்பத்தெட்டாம் நாள் கேட்டு எழுதினாள்.

வந்தன. இருநூற்றுப் பதின்மூன்று துணுக்குகள். சராசரிப் பணியாளருக்கு நான்கு மாதத்தில் சேருவது, அவருக்கு ஒன்பது வருடத்தில் சேர்ந்திருந்தது. எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம்.

முதல் துணுக்கைத் திறந்தாள். திரையில் யுவராஜ் நேருக்கு நேர் இருந்தார். கண் துணியின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று, அவர் திரும்பவில்லை. உதட்டோரம் ஏதோ அசைந்து, கன்னம் இளகி, அவளுக்குத் தெரியாத ஒரு முகம் வந்தது. ஏழாவது விநாடியில் திடுக்கிட்டுத் திரும்பினார்.

அடுத்ததிலும் இடப்பக்கம். அதற்கடுத்ததிலும் இடப்பக்கம். இடப்பக்கம் இருந்தது சமையலறை வாசல்.

அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஒன்றில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார். ஒன்றில் புருவம் சுருங்கியிருந்தது. அவளுக்கு டெங்கு வந்து எழுந்த வாரம் அது. ஒன்று நாற்பத்தொரு விநாடி. தேதியைப் பார்த்து எவ்வளவோ யோசித்தாள். பிறந்தநாளுமில்லை, பண்டிகையுமில்லை. ஒரு சாதாரண புதன்கிழமை. அவள் என்ன செய்துகொண்டிருந்தாளோ, அரிசிதான் களைந்தாளோ, நினைவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இருநூற்றுப் பதின்மூன்றில் ஒரு முறைகூட அவள் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் அவர் முகத்தில் தெரிந்திருக்கும். அவருடைய வேலைக்குக் கெடுதல் வரக்கூடாதென்று, பணிக்கண்ணைவிடக் கண்டிப்பாக இருந்தவள் அவள்.

ஒவ்வொரு விலகலுக்கும் பணியாளர் காரணம் எழுத வேண்டும். யுவராஜ் எழுதியிருந்தது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றே: ‘சுவரில் பல்லி.’

கோகிலவாணிக்கு அப்போதுதான் அந்தப் பூச்சிமருந்துக்காரர் ஞாபகம் வந்தது. ஐந்தாறு வருடத்துக்கு முன் தோளில் உருளையோடு வந்து நின்றார். உங்கள் வீட்டில் பல்லித் தொல்லை அதிகமாம், நிறுவனம் அனுப்பியது என்றார். “எங்கூட்டுல ஒரு பல்லிகூடக் கெடையாதுங்களே, நான் தெனமும் தொடைக்கறேன்,” என்று அவள் ரோஷத்தோடு சொல்ல, மேசையில் யுவராஜுக்கு அடக்கமுடியாத இருமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் வீட்டைத் துடைக்கும்போதெல்லாம், “பல்லி போயிருச்சா?” என்று கேட்டு வம்பிழுத்தார். அப்போது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

முதல் துணுக்கின் கீழ் மட்டும் கூடுதலாகச் சில வரிகள் இருந்தன.

காரணம்: ‘மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பார்த்தேன்.’

திருப்பி அனுப்பப்பட்டது. சரிபார்ப்பாளர் எழுபத்தேழு கேட்கிறார்: ‘சுவரில் பல்லி ஏதும் இருந்ததா?’

பதில்: ‘இருந்தது.’

ஏற்கப்பட்டது.

மீதி இருநூற்றுப் பன்னிரண்டையும் ஏற்றவர் அதே எழுபத்தேழுதான். பதிவுகளில் ஐயம் இருந்தால் சரிபார்ப்பாளரோடு ஆறு நிமிடம் பேசலாம் என்று கடிதத்தில் இருந்தது. கோகிலவாணி பேசக் கேட்டாள்.

எழுபத்தேழின் பெயர் அருள்கனி. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடலோர ஊரில், அவளும் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, தன்னைப் பார்க்கும் பணிக்கண்ணின் முன்னால், பிறருடைய விலகல்களைப் பார்ப்பவள்.

“அக்கா, என்ன ஐயம்னு சொல்லுங்க,” என்றாள், அலுவலகக் குரலில்.

“ஐயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்கூட்டுல பல்லி கெடையாது. அதச் சொல்லலாம்னுதான்.”

அந்தக் குரல் அலுவலகத்தை விட்டு இறங்கி வந்தது.

“யுவராஜ் அண்ணன் வீடா? எக்கா... அவுக தவறிட்டாகன்னு பட்டியல்ல பாத்தேன். அன்னைக்கு எனக்கு ஒரு விலகல் விழுந்துட்டு.”

“மொதல் தடவ எதுக்கு அம்மிணி திருப்பி அனுப்புன?”

“அந்த மனுசன் உள்ளதை உள்ளபடியே எழுதிட்டாவ. அப்படியே ஏத்துக்கிட்டா குடும்பக் குறுக்கீடுன்னு உங்க பேருல ஏறிரும்லா? மூணு ஏறுனா தனியறை கேப்பாங்க. சட்டுன்னு எங்க வீட்டுச் சுவத்த பாத்தேன், பல்லி ஒண்ணு கெடந்துச்சு. அதையே கேட்டேன். அவுகளுக்கும் புரிஞ்சிட்டு.” அவள் சிரித்தாள். “அப்புறம் யாரு ‘பிள்ளையப் பாத்தேன்’, ‘அம்மையப் பாத்தேன்’னு எழுதுனாலும் நான் பல்லி இருந்துச்சான்னு கேட்டுருவேன். எங்கிட்ட இப்ப ஆயிரத்து நானூறு வீட்டுல பல்லி ஓடுது.”

“மாட்டிக்கிட்டா?”

“என்னைப் பாக்கவும் ஒருத்தி இருக்காள்லா? அவ எனக்குப் பல்லி குடுப்பா.”

கோகிலவாணி சிரித்தாள். அவர் போன நாற்பத்தெட்டு நாளில் முதல் சிரிப்பு. “நன்றிங்க அம்மிணி,” என்றாள். சொன்ன பிறகு அது போதாதென்று பட்டு, இன்னொரு தரமும் சொன்னாள். ஆறு நிமிடம் முடிந்து தொடர்பு அறுந்தது.

நன்றி சொல்ல இன்னொன்றும் இருந்தது. மேசைமேல் அந்தப் பொட்டளவுக் கண் இருட்டிப்போய்க் கிடந்தது. அவளிடமிருந்து அவர் முகத்தை ஒன்பது வருடம் திருப்பி வைத்திருந்ததும் அதுதான். அவருடைய இருபத்தைந்து நிமிடத்தைப் பாதுகாத்துக் கொடுத்ததும் அதுதான். குற்றமென்று நினைத்துத்தான் வைத்திருந்தது. கோகிலவாணி துணியை நனைத்து அதைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் யுவராஜின் வேலையையே அவளுக்குத் தந்தார்கள். நீல நாடாவைப் பிய்க்காமல் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். வேலையில் சேர்ந்த நாலாம் மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது, கூடவே ஒரு சின்ன அட்டைப்பெட்டியும்.

மிகக் குறைந்த விலகல் கொண்ட இருநூறு பணியாளர்களின் பதிவுகளை நிறுவனத்தின் ஆய்பொறி ஆராய்ந்ததாம். அவர்களில் நூற்றறுபத்தொரு பேரின் வீட்டில் பல்லி இருக்கிறதாம். பல்லியைப் பார்த்துத் திரும்பியபின் அவர்கள் துணிக்குறைகளை முன்பைவிடத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறார்களாம். பல்லி விழிக்கு ஓய்வும் மனதுக்கு ஊக்கமும் தருவதால், பணியாளர் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் ஒரு பல்லியை அன்பளிப்பாகத் தருகிறது. விருப்பமான இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். இனிப் பல்லியைப் பார்க்கும் பார்வை பத்து விநாடி வரை விலகலாகக் கருதப்படாது, பதியப்படவும் மாட்டாது.

பெட்டிக்குள் சாம்பல் நிற ரப்பர் பல்லி. வால் கொஞ்சம் தடிமன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆயிரக்கணக்கான வீடுகளில் இனி அம்மாவின் கட்டிலுக்கு மேலும் பிள்ளையின் தொட்டிலுக்கு மேலும் பல்லி ஒட்டுவார்கள். ஊரார் பத்து விநாடி பார்ப்பார்கள். நல்லதுதான். சிரித்து முடித்தபோது கடைசி வரி மறுபடி கண்ணில் பட்டது. பதியப்படவும் மாட்டாது. விலகல் இல்லையென்றால் துணுக்கும் இல்லை. இனிப் போகிறவர்கள் யாருக்கும் இருபத்தைந்து நிமிடம் இருக்காது.

பல்லியைச் சமையலறை வாசலுக்கு மேல் ஒட்டினாள்.

பொங்கலுக்கு இளமதி வந்திருந்தாள். அன்று காலை துணுக்குகளை முழுக்கப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் டீ போட்டாள். கோகிலவாணி துணியில் ஓர் எண்ணெய்க் கறையைக் குறித்துவிட்டுத் தலையை இடப்பக்கம் திருப்பினாள். இளமதி வாசலில் முதுகைக் காட்டி நின்று, அப்பாவின் தம்ளரைச் சக்கரப் பலகையில் வைத்துக் கம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இங்கே உட்கார்ந்து பார்த்தால் இப்படித்தான் தெரியுமா என்று நினைத்தாள் கோகிலவாணி. கொண்டையிலிருந்து அவிழ்ந்த முடி, இடுப்பில் செருகிய துப்பட்டா, அதற்கு மேலே ரப்பர் பல்லி.

எட்டு, ஒன்பது, பத்து.

இளமதி தற்செயலாகத் திரும்பினாள். “அம்மா, திரும்பீருங்க! விலகல் ஆயிரும்!”

“ஆகட்டும் கண்ணு. நீ இப்படிப் பாரு.”

மூன்று விநாடியில் பார்வையை எடுக்கப்போன இளமதி, எடுக்காமல் நின்றாள். பதினைந்து. இருபது. தம்ளரில் டீ ஆடை கட்டியது.

திரை காரணம் கேட்டது. கோகிலவாணி எழுதினாள்: ‘மகள் டீ கொண்டுவந்தாள். பார்த்தேன்.’

அது உடனே திரும்பி வந்தது. சரிபார்ப்பாளர் எழுபத்தேழு கேட்டிருந்தார்: ‘பல்லி அசைந்ததா?’

அவள் நிமிர்ந்து ரப்பர் பல்லியைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினாள்.

‘அசைந்தது.’