படகு வீடியோவின் சத்தம்

எனக்குச் சோறு போடுவது என் காதுதான். ஜலகண்டாபுரத்தில் பதினான்கு வருடமாக டி.வி., ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர் என்று பழுது பார்க்கிறேன். ஸ்பீக்கரில் எங்கே கோளாறு என்று மூடியைக் கழற்றாமலே சொல்லிவிடுவேன் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. இப்போது இல்லை.

எடப்பாடியிலிருந்து அந்த அழைப்பு வந்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்றாள் ஒரு பெண். இந்த மாதிரி வாரத்துக்கு நான்கு வரும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் பாதி சரியாகிவிடும். மீதியில் யாராவது ரிமோட்டில் கை வைத்திருப்பார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினொரு மணி வெயிலில் வண்டியை எடுத்தேன்.

பூலாம்பட்டி போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அந்த வீடு. வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று நான்கு முறை கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. பட்டறைக்குள் ஒரு பெரியவர் முதுகைக் காட்டியபடி அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். தோளைத் தொட்டதும் திரும்பினார். என் கண்ணைப் பார்க்கவில்லை, நேராக என் வாயைப் பார்த்தார்.

அவர் பெயர் தண்டாயுதபாணி. நாற்பது வருடம் தறிச் சத்தத்தில் நின்றதில் காது அறவே போய்விட்டது. இந்தப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. காது நன்றாக இருப்பவர்கள்கூடப் பட்டறைக்குள் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். எட்டாவது தறியில் நிற்பவர் முதல் தறிக்காரரிடம் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார், நடுவில் நிற்கும் நமக்கு ஓர் எழுத்தும் விளங்காது. அப்படிப்பட்ட வீட்டில் சத்தம் வரவில்லை என்று யாருக்குக் கவலை என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

கவலை அவருடைய மருமகள் வித்யாவுக்கு. முப்பது வயதிருக்கும். வெண்ணந்தூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு ஒன்பது வருடம். கணவர் குமரகுரு இறந்து ஏழு மாதம். குழந்தை இல்லை. டி.வி.க்குப் பின்னால் டிபன் டப்பா அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருந்தது. குமரகுருவே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துப் பூட்டியது. பழைய படங்கள், திருவிழா, கல்யாண வீடியோ எல்லாம் அதற்குள் இருந்தன. கல்யாண வீடியோவில் பாட்டுத்தான் ஓடும், பேச்சு கிடையாது. அவர் பேசிய வீடியோ ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பூலாம்பட்டியில் ஆற்றைக் கடக்கும்போது படகில் ஒரு சிநேகிதர் எடுத்தது. நான்கு நிமிடம்.

"அவரு கொரல ஒரே ஒருக்காக் கேட்டாப் போதுங்கண்ணா," என்றாள் வித்யா. எனக்கு மனசு கேட்கவில்லை. சரி செய்து கொடுக்காமல் நகர்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

கோளாறு சுலபமாகத்தான் தெரிந்தது. செட்டிங்கில் சத்தம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போட்டுவிட்டேன், சோதனைச் சத்தம் டி.வி.யில் பீப்பென்று வந்தது. படகு வீடியோவைத் திறந்தேன். சத்தம் இல்லை. செட்டிங்கைப் பார்த்தால் மறுபடியும் அணைந்திருந்தது. கேபிளை மாற்றினேன். டிரைவரை அழித்துப் புதிதாக ஏற்றினேன். மற்ற எல்லா வீடியோவிலும் கணீரென்று பாட்டு வந்தது. இதைத் திறந்தால் மட்டும் போய்விடும். கடைசியில் செட்டிங்கையும் வீடியோவையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டு பார்த்தேன்.

சத்தத்துக்கு நான் போட்ட டிக் குறி தானாக அழிந்தது.

யாரும் எதையும் தொடவில்லை.

வைரஸ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படம் ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஆற்று வெளிச்சம். நீலச் சட்டையும் தோளில் துண்டுமாகக் குமரகுரு. பக்கத்தில் வித்யா தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவர் மட்டும் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். என் அருகில் நின்ற வித்யாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

என்ன பேசுகிறார் என்று கேட்டேன். அன்றைக்கு அவர் பேசியது வெயிலைப் பற்றியும், கரையில் மீன் வாங்கிப் போவதைப் பற்றியும்தான் என்றாள். ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் மூன்று வாரமாக அவர் வாய் அதைச் சொல்லவில்லையாம்.

"வேற சொல்றாருங்கண்ணா. எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சோ என்னமோ. சத்தம் வந்துட்டாத் தெரிஞ்சு போயிருமுங்க."

துக்கத்தில் இப்படி எல்லாம் தோன்றும் என்று நான் ஆறுதல் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? அந்த நேரத்தில் என் கவனமெல்லாம், ஒரு டப்பா என்னைத் தோற்கடிப்பதா என்பதில்தான் இருந்தது. பையிலிருந்து தனி சவுண்ட் கார்டு ஒன்றை எடுத்துச் செருகினேன். அதிலிருந்து ஒயரை இழுத்து, அந்த வீட்டுப் பழைய ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தேன். கம்ப்யூட்டர் தன் சத்தத்தை எத்தனை முறை அணைத்தாலும் இந்த வழி தனி வழி. அதனால் அடைக்க முடியாது.

இப்போது நினைத்தால் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அடைத்தது யார் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

சத்தம் வந்தது. மோட்டார் ஓடும் சத்தம், அதற்கு மேல் ஓர் ஆண் குரல். வித்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் குரலும் உதடும் ஒட்டவில்லை. இது வழக்கமான தொல்லைதான், சத்தம் முந்தும் அல்லது பிந்தும். பிளேயரில் சரிசெய்ய ஆரம்பித்தேன். கால் நொடி தள்ளினேன். அரை நொடி. இரண்டு நொடி. முன்னால் இழுத்தும் பார்த்தேன். உதடு மூடியிருக்கும்போது குரல் பேசியது. குரல் நின்றபோது உதடு பதறிப் பதறி அசைந்தது.

அப்போதுதான் கவனித்தேன். அது படகு மோட்டார் இல்லை.

தறி.

தறி பக்கத்திலேயே ஓடுகிறதே, அதைத்தான் கேட்கிறேன் என்று தலையைத் தூக்கினேன். தண்டாயுதபாணி பட்டறையை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றிருந்தார். வெளியே எட்டுத் தறியும் ஓய்ந்திருந்தன. ஸ்பீக்கரில் மட்டும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அறையில் ரப்பர் பெல்ட் தீய்கிற வாடை லேசாகப் பரவியது.

"வித்யா," என்றது குரல். அவ்வளவு பிரியமாக. "பட்டறைக்குக் கொஞ்சம் வா."

மவுசை விட்டுக் கையை எடுத்தேன்.

"தனியா இருக்கறேன் வித்யா. வா."

பெரியவருக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவர் கண் திரையில் மகனின் வாய் மீது இருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், படித்துச் சொல்வது போலச் சொன்னார்.

"போகாத, போகாதங்கறான். சத்தம் வெச்சுக் கேக்காதங்கறான். அது நானில்லங்கறான்."

வித்யாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள்.

பெரியவர் என்னை வெளியே அழைத்துப் போய் நடந்ததைச் சொன்னார். குமரகுரு இறந்த அன்று மத்தியானம் கரண்ட் போயிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் திடீரென்று தலையைத் திருப்பி, 'வாரேன் வித்யா' என்று சொல்லிவிட்டு எழுந்து பட்டறைக்குள் போனாராம். பெரியவர் அந்த வாயசைவைப் பார்த்தார். மருமகள் வெண்ணந்தூரிலிருந்து திரும்பிவிட்டாள் போலிருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டார். தறியை அணைக்காமல் விட்டிருந்தார்கள். கரண்ட் வந்ததும் தோளில் கிடந்த துண்டைப் பெல்ட் இழுத்துக்கொண்டது. வித்யா திரும்பியது அன்று மாலை, தகவல் போன பிறகுதான்.

கேட்டவுடன் உள்ளே ஓடினேன். ஆம்ப்ளிஃபயர் ஒயரில் கை வைத்தேன். வித்யா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்கண்ணா. ஏழு மாசங் கழிச்சு இப்பத்தான் கேக்கறேன்."

அது அவர் இல்லை என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியுமுங்க," என்றாள். "இருந்தாலும் அவரு கொரலுங்க."

நான் பிடுங்கியிருக்க வேண்டும். அடித்துப் பிடுங்கியிருந்தாலும் தப்பில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வீட்டை விட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது. அவள் வீடு, அவள் புருஷன், அவள் விருப்பம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, சவுண்ட் கார்டைக்கூடத் திரும்பக் கேட்காமல் வண்டியை முடுக்கினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, நூல் மூட்டை ஏற்றிப் போகிற காளியண்ணன் என் கடையில் டீ குடித்துக்கொண்டே அந்தச் செய்தியைச் சொன்னார். மத்தியானம் கரண்ட் இல்லாத நேரம். டப்பாவும் ஓடவில்லை, ஆம்ப்ளிஃபயரும் ஓடவில்லை. பெரியவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது வித்யா வீட்டிலிருந்து வெளியே வந்தாளாம். 'வாரேனுங்க' என்று சொல்லிக்கொண்டே பட்டறைப் பக்கம் நடந்தாளாம். உதட்டைப் பார்த்த மாத்திரத்தில் பெரியவர் ஓடினார். அறுபத்தைந்து வயதுக் காலால் எவ்வளவு ஓட முடியும்? கரண்ட் முந்திக்கொண்டது. இந்தத் தடவை முந்தானை.

நான் சாவுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

கருமாதி முடிந்த மறுநாள் உச்சிப்பொழுதில் பெரியவரே என் கடைக்கு வந்தார். மஞ்சள் பையில் அந்த டப்பா. திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் திட்டவில்லை. அது இதோடு நிற்காது, யாராவது கேட்டுக்கொண்டிருக்கும் வரை கூப்பிடும் என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். வீட்டில் டி.வி.யை உடைத்துப் போட்டுவிட்டாராம். டப்பாவை உடைக்கப் போனபோது கை வரவில்லை. மகன் இருக்கிறானே என்றார். ஒரே ஒரு முறை, சத்தமில்லாமல், முகத்தை மட்டும் பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்றார்.

கடையில் இருந்த அத்தனை ஸ்பீக்கர் ஒயரையும் உருவிப் போட்டேன். சத்தமே இல்லாத ஒரு மானிட்டரில் டப்பாவை மாட்டினேன். படகு வந்தது. ஆறு வந்தது.

குமரகுரு வாயை மூடிக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது.

பக்கத்தில் வித்யா. எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அந்த நான்கு நிமிடமும் அவள் தண்ணீரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருப்பாள். இப்போது சிரிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

உதடுகள் அசைந்தன. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பெரியவர் மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். தன்னிடம்தான் ஏதோ சொல்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிடு தங்கச்சி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது கடையின் பின்னறையிலிருந்து என் மனைவி அனிதா கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க."

"வாரேன்," என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன்.

சட்டையைப் பின்னாலிருந்து யாரோ கொத்தாகப் பிடித்தார்கள். பெரியவர்தான். திரையை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி வெளிறிப்போன முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அம்மணி உங்களத்தான் சொல்லுது தம்பி. 'அண்ணா, போகாதீங்க'ங்குது." அவர் கை என் சட்டையை விடவே இல்லை. "இப்ப யாருக்கு வாரேன்னீங்க?"

அனிதாவுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் அவளை ராசிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது நானேதான். பெரியவரின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பின்னறையில் அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.