பொத்தான் வேண்டாம் என்றார்

"மறுபடியுமா?" என்று கேட்டாள் கடைக்காரி சுன்யே.

ஹேரன் அந்தக் கடைக்குள் கால் வைத்ததே அன்றுதான். கொரியாவின் சுன்சோன் நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மின்சிகரெட் விற்கும் ஒடுக்கமான கடை. கணவன் மின்குவின் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்க வந்திருந்தாள். அவனுடைய தொலைபேசி எண்ணைச் சொன்னதும் கடைக்காரி கணினித் திரையைப் பார்த்து இப்படிக் கேட்டாள்.

"மறுபடியும்னா?"

"ஏரிக்குத்தானே அக்கா? தண்ணியில விழுந்தாலும் கெடாதது. இந்த வருஷத்துல நாலு வாங்கிட்டாரே."

மின்குவிடம் இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு வருடப் பழசு. ஹேரன் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "ஆமா, தொலைச்சுட்டே இருப்பார்" என்றாள்.

சுன்யே கண்ணாடிப் பலகை மேல் மூன்றை எடுத்து வைத்தாள். "இது ரப்பர் உறை, பாறையில போட்டாலும் துள்ளும். இதுக்கு சார்ஜ் போடற வாயில திருகு மூடி. என்னைக் கேட்டா பொத்தான் வச்சதுதான் ஏரிக்கு நல்லது. அழுத்தினாத்தான் சூடாகும். பொத்தான் இல்லாதது மூச்சு பட்டாலே விளக்கு எரியும், ஈரத்துல குழம்பிடும். ஆனா உங்க வீட்டுக்காரர் கேட்டாத்தானே! பொத்தான் வேணாம், அவங்களுக்கு விரல் மடங்காதுன்னார்."

"எவங்களுக்கு?"

சுன்யே கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "அதை அவர்கிட்டயே கேளுங்கக்கா. எனக்கு எதுக்கு வம்பு" என்றாள்.

ஹேரன் நடந்தே வீட்டுக்குப் போனாள். விரல் மடங்காத அளவுக்கு நகம் வளர்த்துச் சாயம் பூசிய ஒருத்தி வழியெல்லாம் அவளோடு கூட நடந்தாள். மாதம் ஒருமுறை தனியாக ஏரிக்குப் போவதும், திரும்பி வந்தவன் மேல் சேற்று வாசத்துக்கு அடியில் பீச் பழ வாசம் வீசுவதும், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குவதும், நுரையீரலைப் படம் பிடித்துப் பார்த்த மருத்துவர் எதுவுமில்லை என்று சொன்னதும், எல்லாம் இப்போது ஒரே கயிற்றில் கோத்த மாதிரி இருந்தன.

அன்று சாப்பிடும்போது சொன்னாள். "சனிக்கிழமை நானும் வர்றேன்."

மின்குவின் சாப்பாட்டுக் குச்சியிலிருந்து கிம்ச்சி ஊறுகாய் நழுவியது. "உனக்குத்தான் படகுன்னா பயமாச்சே."

"படகைவிட பயமா வேற எதுவும் அங்க இருக்கா?"

"குளிரும், ஹேரன்."

"குளிரட்டும். ரெண்டு பேர் படுக்கற கூடாரம்தானே? இல்ல, இடமில்லையா?"

அவன் இருமினான். வெகுநேரம் இருமினான்.

ஏரியின் அந்த வளைவுக்குச் சாலை கிடையாது. காற்றடைத்த படகில் ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டுப் போனார்கள். கரையில் பாய் விரித்து, ராம்யன் நூடுல்ஸ் கொதிக்க வைத்து, மின்கு மூன்று கிண்ணங்களை எடுத்தான். ஹேரன் பார்ப்பதைக் கண்டதும் ஒன்றை உள்ளே வைத்தான்.

அவன் படகைக் கரையேற்றப் போன நேரத்தில் அவள் பையைக் குடைந்தாள். உதட்டுச் சாயம் பட்ட எதையாவது தேடினாள். அடியில் துணியில் சுற்றிய மூன்று மின்சிகரெட்டுகள் கிடைத்தன. மூன்றிலும் தூண்டில் நரம்பு கட்டியிருந்தது. மூன்றும் தீர்ந்துபோனவை. வாய் வைக்கும் இடத்தை மோந்து பார்த்தாள். சாயம் இல்லை. பாசி ஒட்டியிருந்தது. பாசிக்கு அடியில், ரப்பரில் பல் பதிந்திருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியவில்லை. மூடுபனி கூடாரத்து வாசலில் சுவராக நின்றது. மரமும் மலையும் இல்லை, பாயும் அதையொட்டி இரண்டு முழம் தண்ணீரும்தான். எங்கோ ஒரு துளி சொட்டிக்கொண்டே இருந்தது. மின்கு பாயின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து தன் பழைய மின்சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தான். முகத்தைத் தண்ணீர்ப் பக்கமிருந்து திருப்பி, உள்ளங்கையால் வாயை மறைத்து. மாமனார் எதிரே சோஜு சாராயம் குடிக்கும் மருமகன் மாதிரி.

"யாருக்கு மரியாதை பண்றீங்க? இங்க யாரு இருக்கா?"

அவன் திடுக்கிடவில்லை. "மெதுவாப் பேசு" என்றான்.

"அவளும் தூங்கறாளா?"

"எவ?"

"விரல் மடங்காதவ."

மின்கு சிரித்துவிட்டான். சிரிப்பு இருமலாகி அடங்கியபோது கண்ணில் நீர் இருந்தது. "பொம்பளைன்னா நெனச்சே? அண்ணன்டி."

அண்ணன் மின்பொம், மின்குவைவிடப் பதினாறு வயது மூத்தவர், தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர். ஆறு வருடத்துக்கு முன் இதே ஏரியில் மீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"அப்பா சமாதியில சிகரெட்டைப் பத்தவச்சு நட்டு வைக்கிறோம்ல? அண்ணனுக்கு நட மண்ணு ஏது? தண்ணி மேல வச்சா அணைஞ்சிடுது. காட்டுத் தீ காலத்துல நெருப்பும் வைக்க முடியாது. அதான் இதை நரம்புல கட்டி இறக்கினேன். சும்மா, மனசுக்கு."

"சரி. இறக்கினீங்க. அப்புறம்?"

"மேல இழுத்தப்ப அதோட குட்டித் திரையில நாப்பது இழுப்பு ஏறியிருந்துச்சு."

"தண்ணி பட்டுக் குழம்பியிருக்கும். கடைக்காரியே சொன்னா."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்." அவன் கையிலிருந்ததைப் பாயில் வைத்தான், குரல் தாழ்ந்தது. "சிகரெட்னா எரிஞ்சு முடிஞ்சிடும், ஹேரன். அவரும் போதும்னு போயிடுவார். இது முடியறதே இல்ல. தீர்ந்தா அடுத்தது கேக்கறார். வராம இருந்து பார்த்தேன். மூச்சு வரல."

தண்ணீரில் ஒரு பச்சை வெளிச்சம் ஏறியது. ஆழத்தில். மெதுவாக, ஒருவர் நிதானமாக இழுக்கும் நேரத்துக்கு எரிந்து, அணைந்தது. மின்குவின் மார்பு உள்வாங்கியது. கையில் எதுவும் இல்லாதவன் வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பீச் வாசம்.

மறுபடி வெளிச்சம். மறுபடி புகை.

பயத்தைவிடக் கோபம்தான் அவளுக்கு முதலில் வந்தது. "இந்த மனுஷன் உங்களைத் தின்னுட்டு இருக்கார், நீங்க வாயை வேற மூடி மரியாதை பண்றீங்க!" பாயில் கட்டியிருந்த நரம்பைப் பிடித்துச் சரசரவென்று இழுத்தாள்.

"வேணாம், ஹேரன்!"

கனமாக வந்தது. பிறகு, விட்டுக்கொடுத்தது போல, லேசாக வந்தது. கையில் ஏறியபோது விளக்கு அணைந்திருந்தது.

"போதும் அத்தான்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "எங்களை விட்டுடுங்க."

பின்னால் இருமல் நின்றது.

துளி சொட்டுவதும் நின்றது.

திரும்பினாள். மின்கு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். கை தொண்டையில். மார்பு அசையவில்லை. உதடு நீலம் பாரித்தது. கண் மட்டும் அவளைப் பார்த்தது. பிறகு அவள் கையைப் பார்த்தது.

"என்னங்க! மூச்சு விடுங்க! என்னங்க!"

முதுகில் அடித்தாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். அவள் ஊதிய காற்று உள்ளே போகவில்லை. கல்லில் ஊதியது போல் திரும்பி வந்தது.

கையிலிருந்ததைத் தண்ணீரில் வீசினாள். மூழ்கியது. எரியவில்லை. எண்ணினாள். ஐந்து. பத்து. எரியவில்லை.

மின்கு பாயில் சரிந்தான். சரிந்தபடியே இரண்டு கையையும் சேர்த்து அவளுக்கு நீட்டிக் காட்டினான்.

புரிந்தது. பெரியவருக்கு வீசுவதா?

நரம்பை இழுத்தாள். மண்டியிட்டாள். ஈரத்தை உடையில் துடைத்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். தலை குனிந்தாள்.

"அத்தான். எடுத்துக்குங்க. தப்பு என்னோடது."

காத்திருந்தாள். தண்ணீர் அசையவில்லை.

எடுத்துக்கொண்டது.

பறிக்கவில்லை. மடங்காத நாலு விரல், குளிர்ந்து, அவள் உள்ளங்கையில் ஒரு கணம் தங்கி, எடுத்துக்கொண்டது. பச்சை வெளிச்சம் வந்தது. மின்கு நீளமாக மூச்சு இழுத்தான். அழுதான். உயிர் இருந்தது.

ஆனால் வெளிச்சம் கீழே போகவில்லை.

தண்ணீர் மேல் நின்றது. பனிக்குள். ஆள் உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில். பிறகு இந்தப் பக்கம் வந்தது. பாயின் மூன்றாவது மூலை கனத்தில் அமுங்கியது. அங்கிருந்து ஏரித் தண்ணீர் ஓடிவந்து அவள் முழங்காலை நனைத்தது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

வெளிச்சம் ஏறியது. இந்த முறை மின்குவின் மார்பு அதோடு உள்வாங்கவில்லை. அவளுடையது உள்வாங்கியது. விரலிடுக்கில், மெதுவாக, புகை கசிந்தது.