இறந்த மறுநாள் ஷிஃப்டுக்கு வந்தவன்

செவ்வாய்க்கிழமை, காலை 10.40.

"ஒருத்தர் பிப்ரவரி மாசம் இறந்திருக்காருங்க மேடம். மறுநாள் காலையில கம்பெனி கேட்டுல கார்டை வச்சுட்டு ஷிஃப்டுக்குப் போயிருக்காரு" என்றாள் எஸ்லின்.

ஓசூரில் அந்தக் காவல் நிலையத்தின் இன்ஸ்பெக்டர் ஜெயசெல்வி டீ கிளாஸைக் கீழே வைக்காமலே கேட்டார். "பேரு?"

"எனக்குத் தெரியாதுங்க. தெரியவும் கூடாது."

"பேரில்லாத பிணத்தை நான் எங்கம்மா போய்த் தேடுறது?"

எஸ்லின் ஒரு சுகாதார ஆய்வு நிறுவனத்தில் புள்ளியியல் வேலை பார்ப்பவள். ஓசூர்த் தொழிலாளிகள் எதனால் படுக்கிறார்கள், எதனால் சாகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு. கம்பெனி வருகைப் பதிவு, கம்பெனி கிளினிக், கர்நாடக எல்லைக்கு இருபுறமும் உள்ள ஆஸ்பத்திரிகள், இறப்புப் பதிவு எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் பொருத்துகிறார்கள். பெயர்களைப் பொருத்துகிறவர் நோயைப் பார்க்க மாட்டார். நோயைப் பார்க்கும் எஸ்லினிடம் பெயருக்குப் பதிலாக ஓர் எண்தான் இருக்கும். ஒருவர் வியாதி ஊர்வாயில் விழக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், போலீஸுக்குத்தான் பிடிக்காது.

"கம்ப்யூட்டர் ரெண்டு ஆளை ஒண்ணாக்கியிருக்கும். அதை அழிச்சுட்டுப் போறதுதானே?"

"எங்க ஆபீஸ்லயும் அதையேதான் சொன்னாங்க. நடக்கவே முடியாத ஒண்ணு வந்தா, அழிக்கிறதுக்கு முன்னாடி ஏன்னு பாக்கணுங்க. ஆதார், பிறந்த தேதி, கார்டு நம்பர் எல்லாம் பொருந்துது. ரத்தம் மட்டும் பொருந்தல. கம்பெனி கிளினிக்ல பி பாசிட்டிவ். அத்திப்பள்ளி ஆஸ்பத்திரியில செத்தவருக்கு ஓ பாசிட்டிவ்."

ஆய்வின் நெறிமுறைக் குழு கூடி, அந்த ஒரே எண்ணுக்கு மட்டும் பெயரைத் திறந்து போலீஸிடம் கொடுக்கலாம் என்று அனுமதித்திருந்தது. எஸ்லின் உறையை ஒட்டியபடியே மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். உள்ளே என்ன பெயர் என்று அவள் கேட்கக்கூட இல்லை.

ஜெயசெல்வி உறையைக் கிழித்தார். கந்தன். ஜூஜூவாடியில் இரும்பு வார்க்கும் ஒரு காஸ்டிங் கம்பெனி.

இப்போது கிளாஸ் கீழே வந்தது. இந்தக் கந்தன் இதே அறைக்கு வந்திருக்கிறான். தம்பி பூபதியைக் காணவில்லை என்று தம்பி மனைவி பொற்கொடி புகார் கொடுத்தபோது துணைக்கு வந்தவன். அதுவும் பிப்ரவரிதான். ஜெயசெல்வி அத்திப்பள்ளி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விவரம் கேட்டுக்கொண்டு, இருவரையும் வரச் சொன்னார்.

பகல் 12.15.

கந்தன் யூனிஃபார்மோடு வந்தான். கழுத்தில் நீலப் பட்டையில் கம்பெனி அட்டை. நீலம் என்றால் நிரந்தரத் தொழிலாளி. மார்ச்சில்தான் கிடைத்தது. பொற்கொடி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். ஐந்து மாதமாக அக்கம்பக்கத்தார் அவளிடம் ஒன்றையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்: உன் புருஷன் எவளோடு போனான்?

"தம்பியைக் கடைசியா எப்ப பாத்த?"

"அந்த ஞாயித்துக்கிழமைங்க மேடம். அப்புறம் கண்ணுலயே படல."

"உன் கார்டை யாருக்காவது குடுத்தியா?"

"தம்பிக்கு அப்பப்ப குடுப்பேங்க. எனக்கு லீவு வேணும்னா அவன் என் கார்டுல ஷிஃப்டு பாப்பான். கான்ட்ராக்ட் கேட்டுல மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. எல்லாரும் பண்றதுதானுங்க."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"அன்னிக்கே வெளிய அனுப்பிருவாங்க."

"உன் பேர்ல அத்திப்பள்ளியில ஒருத்தன் செத்திருக்கான். புதன்கிழமை. கூட இருந்து கையெழுத்துப் போட்டவன் பேரு பூபதி. நோயாளிக்குத் தம்பின்னு எழுதியிருக்கு."

பொற்கொடி நிமிர்ந்தாள். "அப்ப அவரு உசுரோட இருக்காருங்களா?"

கந்தன் முந்திக்கொண்டான். "என் கார்டை எவனுக்கோ குடுத்திருப்பான். அவன் செத்ததும் பயந்து ஓடிட்டான். நான்தான் அப்பவே சொன்னனே, ஊரை விட்டுப் போயிட்டான்னு."

பொற்கொடி அழுதாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாகச் சந்தோஷத்தில் அழுதாள். ஜெயசெல்வி தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

"உன் வீட்டுக்காரருக்கு என்ன ரத்தம்னு தெரியுமாம்மா?"

"ஓ பாசிட்டிவ்ங்க. எனக்கு நெகட்டிவ். பாப்பா வயித்துல இருக்கறப்ப அவருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க."

"ஓ பாசிட்டிவ் ஊர்ல எத்தனையோ பேருக்கு இருக்குதுங்க" என்றான் கந்தன்.

"இருக்குது, இருக்குது. அவரு உடம்புக்கு வேற ஏதாச்சும்?"

"ஒரு ஊசி ஒத்துக்காதுங்க மேடம். புண்ணு சீழ் வைக்காம இருக்கப் போடுவாங்களே, அது. கல்யாணத்துக்கு முந்தி நாகரசம்பட்டியில போட்டு, மூஞ்சி வீங்கி மூச்சே நின்னுருச்சாம். மாமாதான் பைக்குல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினாங்களாம்" என்று அவள் கந்தனை நன்றியோடு பார்த்தாள்.

பிற்பகல் 3.30. அத்திப்பள்ளி.

எல்லையைத் தாண்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காய்கறி, கார், கல் எல்லாம் தினமும் தாண்டுகிற ரோடு. இங்கே எழுதிய சாவுதான் ஐந்து மாதமாக அங்கே போய்ச் சேரவில்லை.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் நஞ்சம்மாவுக்கு அந்தப் புதன்கிழமை நன்றாக நினைவிருந்தது. நைட் ஷிஃப்டு முடிந்து பைக்கில் வந்தவனை லாரி தட்டியிருந்தது. காலும் தாடையும் உடைந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை. கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்துக் கந்தன் என்று பதிந்து, அட்டையின் பின்னால் இருந்த நம்பருக்குப் போன் போட்டார்கள். ஒருவன் ஓடி வந்து, தம்பி என்றான்.

"ஊசி ஒத்துக்குமான்னு கேட்டீங்களா?"

"கேட்டோம் மேடம். எல்லாம் ஒத்துக்கும்னு அந்தத் தம்பி சொன்னாரு. கம்ப்யூட்டர்லயும் கந்தன்னு பழைய ரெக்கார்டு வந்துச்சு. இதே ஊசி ரெண்டு வாட்டி போட்டிருக்கு, ஒண்ணும் ஆகல. அதான் டெஸ்ட் டோஸ் போடல."

ரெக்கார்டு பொய் சொல்லவில்லை. அது வேறு ஒருவனுடைய உடம்பைப் பற்றிச் சொன்ன உண்மை. ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் அவன் செத்தான். விபத்துச் சாவு என்று எழுதி, அங்கேயே எரித்தும் ஆயிற்று.

"அவன் கார்டு?"

"தம்பி கையிலதான் குடுத்தோம். அதுக்கு முன்னாடியே அவரு ஒரு யூனிட் ரத்தமும் குடுத்தாரு, பேஷன்ட்டுக்கு ஏத்துனதுக்குப் பதிலா."

"என்ன ரத்தம்?"

நஞ்சம்மா தேடிப் பார்த்துச் சொன்னாள். ஜெயசெல்வி அவளை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

மாலை 6.00. காவல் நிலையம்.

"பூபதின்னு சொல்லி ரத்தம் குடுத்தவனுக்கு பி பாசிட்டிவ்" என்றார் ஜெயசெல்வி. "நிஜ பூபதிக்கு ஓ. செத்தவனுக்கு ஓ. கந்தா, உன் கழுத்து அட்டையில என்ன போட்டிருக்கு?"

கந்தன் அட்டையைக் கையால் மூடினான். "பி பாசிட்டிவ்வும் ஊர்ல..."

"நெறைய பேருக்கு இருக்கும். சரி. புதன்கிழமை செத்தவன் கழுத்துல இருந்த கார்டை ஆஸ்பத்திரியில கூட இருந்தவன்கிட்ட குடுத்தாங்க. வியாழக்கிழமை காலையில அதே கார்டை வச்சு நீ உள்ள போயிருக்க. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் தம்பியைப் பாக்கவே இல்லைன்னா, அது உன் கைக்கு எப்படிய்யா வந்துச்சு?"

செத்தவன் எப்படி வேலைக்கு வந்தான் என்றுதான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கார்டு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"செத்தது பூபதி. பக்கத்துல இருந்தது நீ. ரெண்டு பேரையும் இடம் மாத்திப் போட்டா எல்லாம் பொருந்துது. சிஸ்டர், இவன்தானே?"

"இவருதான்" என்றாள் நஞ்சம்மா.

மத்தியானம் கிடைத்த புருஷன் சாயங்காலத்துக்குள் செத்துவிட்டான். பொற்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கந்தன் தரையில் உட்கார்ந்தான். "அடுத்த வாரம் பர்மனென்ட் ஆர்டர் வர வேண்டியதுங்க மேடம். மறுநாள் போலீஸ் வந்து அவன்கிட்ட விசாரிப்பாங்கன்னு சொன்னாங்க. எம்பேரு கந்தன் இல்லைன்னு அவன் எழுதிக் காட்டினா என் வேலை போச்சு. எட்டு வருஷமா கான்ட்ராக்டுல கெடந்தேன். அதான் பேரை மாத்திச் சொன்னேன்."

"ஊசி?"

"மறந்துட்டேங்க. சாமி சத்தியமா, பயத்துல ஊசி ஞாபகமே வரல. என் தம்பியை நான் கொல்வனா?"

அவன் அழுத அழுகை நிஜமாகவே இருந்தது. மறந்துபோனேன் என்பவனைக் கொலைகாரன் என்று கோர்ட்டில் நிறுத்துவது லேசில்லை. அது ஜெயசெல்விக்குத் தெரியும், கந்தனுக்கும் தெரிந்திருந்தது.

அவர் நஞ்சம்மா பக்கம் திரும்பினார். "ஊசி போடுறப்ப பேஷன்ட்டுக்கு நினைவு இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். தாடையில கட்டு, அதனால பேச முடியல. நான் ஊசியை எடுத்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிட்டே இருந்தாரு. வலியில ஆட்டுறாருன்னு நினைச்சேன்."

"அப்ப இவன் என்ன பண்ணான்?"

நஞ்சம்மா பொற்கொடியைப் பார்த்தாள். சொல்லலாமா என்று தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"ரெண்டு கையாலயும் அவரு தலையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டாரு. ஒண்ணும் ஆகாது, நீங்க போடுங்க சிஸ்டர்னாரு. எவ்வளவு பாசமான தம்பின்னு நினைச்சேன்."