பால்வாடி விட்ட பிறகு

"எரிமலை செய்ய மாட்டேனுங்க டீச்சர்!" என்றாள் லோகப்பிரியா.

ஏழாம் வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆய்வுத் திட்டம் என்றால் அந்தச் சோமனூர்ப் பள்ளியில் எல்லோருக்கும் எரிமலைதான். மண்ணைக் குவித்துச் சிவப்புச் சாயம் ஊற்றினால் வேலை முடிந்தது.

"அப்புறம் என்ன செய்யப்போற அம்மணி?" என்று கேட்டார் அன்புச்செல்வி டீச்சர்.

"பால்வாடி மத்தியானமே விட்டர்றாங்க. தறி சாயங்காலம் பொழுதோடதான் நிக்குது. நடுவுல குழந்தைக எங்க இருக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணப்போறேனுங்க."

அந்தக் கேள்வி அவள் வீட்டிலேயே இருந்தது. அம்மா விசைத்தறி ஓட்டுகிறார். தம்பி நிதீஷுக்கு மூன்று வயது. பால்வாடி விட்டதும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் லோகப்பிரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அது பெரியவங்க சமாச்சாரம்" என்றார் டீச்சர். "சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள திட்டம் எழுதிட்டு வா. உருப்படியா இல்லைன்னா எரிமலைதான்."

அன்றைக்கே அவள் தெருவில் இறங்கினாள்.

"ஏனுங்கக்கா, பால்வாடி நேரம் உங்களுக்குச் சரியா இருக்குதுங்களா?"

"நல்லாருக்குதுங்க கண்ணு."

அடுத்த வீட்டில், "ஒரு கொறையும் இல்லைங்க" என்றார்கள். அதற்கடுத்த வீட்டில், "ரொம்ப நல்லாருக்குது" என்று சொல்லி, கையில் முறுக்கும் கொடுத்தார்கள். தெருக்கோடிக்கு வந்தபோது கை நிறைய முறுக்கு இருந்தது. குறை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நம் ஊர்க்காரர்களிடம் வேறென்ன பதில் வரும்? வேகாத சோற்றைப் போட்டுவிட்டு எப்படி என்று கேட்டாலும் "நல்லாருக்குதுங்க" என்பார்கள். மரியாதை அப்படி!

மறுநாள் டீச்சர் சிரித்துவிட்டார். "எல்லாரும் நல்லாருக்குதுன்னு சொன்னா அப்புறம் என்ன ஆராய்ச்சி?"

"அவிங்க மேல தப்பில்லைங்க. என்னோட கேள்விதான் தப்பு. மாத்திட்டு வாரேன்" என்றாள் அவள், முகம் சிவக்க.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமே கேட்டுப் பார்த்தாள். அம்மாவும் "நல்லாருக்குது" என்றார்!

"நீயுமாம்மா?"

"கொறை சொன்னா பால்வாடி டீச்சருக்குக் கெட்ட பேர் வந்துருமே கண்ணு. பாவம், நல்ல பிள்ளை."

ஓ, அப்படியா சங்கதி! லோகப்பிரியா மீண்டும் தெருவுக்குப் போனாள்.

"உங்க பேர் எழுத மாட்டேனுங்க. யார் மேலயும் கொறை கேக்கலைங்க. நேத்துப் பால்வாடி விட்டப்புறம் உங்க குழந்தை எங்கீங்க இருந்துச்சு? அது மட்டும் சொல்லுங்க."

வாசலில் நின்ற அக்கா தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஊட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனேன்" என்றார் பிறகு.

அடுத்த வீட்டில், "தறிக்கடியில தூங்குச்சு" என்றார்கள். இன்னொரு வீட்டில், "பெரிய புள்ளை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுப் பாத்துக்கிச்சு" என்றார்கள். அன்று யாரும் முறுக்கு தரவில்லை. லோகப்பிரியாவுக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் ஒரு வீட்டைக்கூட அவள் விடவில்லை.

வெள்ளிக்கிழமை, கேள்வியும் பதில்களும் எழுதிய அவளுடைய திட்டத்தை டீச்சர் நிதானமாகப் படித்தார்.

"இதையெல்லாம் கேட்டு நாம என்ன பண்ண முடியும்? பேசாம எரிமலையே..."

"எங்க தெருவுல எரிமலை இல்லைங்க டீச்சர்!"

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டார்.

"சரி. இந்தக் கேள்விக்கு எல்லாரும் உண்மையைத்தான் சொன்னாங்கன்னு எப்படி நம்புறது?"

"உங்களையே கேக்கறேனுங்க. உங்க பாப்பாவும் அதே பால்வாடிதானுங்க. நேத்துப் பால்வாடி விட்டப்புறம் அது எங்கீங்க இருந்துச்சு?"

டீச்சர் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"ஸ்டாஃப் ரூம் மேசைக்கடியில" என்றார் மெதுவாக. "அங்கயே தூங்கிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்துத் திட்டத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

"பேர் எழுத மாட்டீல்ல?"

"மாட்டேனுங்க."

"அப்ப என்னோட பதிலையும் சேத்துக்க" என்றார் டீச்சர்.